எந்த மேகத்துக்கு தார்ப்பாய் விரிக்கணும்?

களத்துக்காரன், திருப்புவனம்:

செங்கல் சூளை வச்சிருக்கோம். அப்பாவுக்கு முட்டி வலி, மாசியில இருந்து நான்தான் களத்தைப் பாக்குறேன். அறுத்துக் காயப்போட்ட பச்சைக்கல்லுல அரை மணி நேரம் மழை அடிச்சா எல்லாம் திரும்ப சேறுதான். போன செவ்வாய், புதன் ரெண்டு நாளும் சாயந்திரம் மேற்க கன்னங்கரேல்னு இருட்டுச்சு. நாலு பேருக்குக் கூலி குடுத்து மூடினேன். ஒரு சொட்டு இல்ல, கல்லு காயாம கிடந்ததுதான் மிச்சம். வியாழக்கிழமை பளிச்சுனு வெயில், வெள்ளை மேகம். விட்டுட்டேன். நாலரை மணிக்கு ஊத்து ஊத்துனு ஊத்தி மூவாயிரம் கல்லு போச்சு. போன்ல பாத்தா தினமும் 40 சதவீதம்னே காட்டுது. அப்பாகிட்ட கேட்டா "பாக்கப் பாக்கத் தெரியும்டா"ங்கிறாரு. எது பெய்யும், எது ஏமாத்தும்?

ஆட்டுக்காரர், உசிலம்பட்டி:

தம்பி, நிறத்தைப் பாத்து ஏமாந்துட்டீங்க. சாயந்திரம் சூரியன் பின்னால இறங்குறப்ப மேற்க நிக்கிற தடிச்ச மேகம் எதுவா இருந்தாலும் கருப்பாத்தான் தெரியும். அதுலயும் ஆடி, ஆவணியில மலை மேல நிக்கிறது பெரும்பாலும் கேரளாவுக்கான சரக்கு. அந்தப் பக்கமே பெஞ்சு தீத்துட்டு, இந்தப் பக்கம் இறங்குற காத்து சூடாகி, காய்ஞ்சு வருது. வருசநாட்டு மலை மேல தினமும் மேகம் நிக்கும், எங்களுக்கு வர்றது முருங்கை முறியிற காத்து மட்டும்தான்.

வியாழக்கிழமை பாத்தீங்களே வெள்ளை மேகம், அதுதான் ஆளு. பதினோரு மணிக்கு பஞ்சுப்பொதி மாதிரி சிறுசு சிறுசா, அடி தட்டையா மிதந்தா பயமில்ல. அகலத்தை விட உசரம் கூடுனா கவனிங்க. நான் ஒரு பனைமரத்துக்கு நேரா வச்சுப் பாப்பேன். ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றதுக்குள்ள காலிஃபிளவர் மாதிரி குமுறிக் குமுறி மேல ஏறியிருந்தா இடிமேகம் ஆகப்போகுதுனு அர்த்தம். உச்சி தட்டையாகி நார் நாரா ஒரு பக்கம் இழுத்துச்சுன்னா முத்திப்போச்சு, கீழ எங்கயோ ஊத்திக்கிட்டு இருக்கும். உங்க பக்கம் நகருதானு பாருங்க. வெக்கைக்கு நடுவுல மண்வாசத்தோட குளிர்காத்து முகத்துல அடிச்சா கால் மணி நேரம் கூட இருக்காது.

இன்னொண்ணு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணுங்க, மூணு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுறதுக்குள்ள இடி கேட்டா தார்ப்பாயை விட்டுட்டு ஆளுகளை வீட்டுக்குள்ள அனுப்புங்க.

பூகோள டீச்சர், மேலூர்:

அண்ணன் சொன்ன கணக்கு ஐப்பசியில எல்லா நாளும் உதவாது. அப்ப மழை பெரும்பாலும் கிழக்க இருந்து வரும், பல நாள் பனைமரம் வச்சு அளக்க உசரமும் தெரியாது. கீற்று மேகத்தைப் பாருங்க, துடைப்பத்தால இழுத்த மாதிரி இருக்குமே, அது. ஆறு கிலோமீட்டருக்கு மேல, முழுக்க பனித்துகள். அதுல இருந்து ஒரு துளி தரைக்கு வராது. ஆனா அது வானம் பூரா மெல்லிசா பரவி, நிலாவைச் சுத்தி வட்டமா கோட்டை கட்டினா, ஒண்ணு ரெண்டு நாள்ல மழை வரலாம். "எட்டக் கட்டினா கிட்ட மழை"னு எங்க அம்மாச்சி சொல்லும். எல்லாத் தடவையும் பலிக்கல, ஆனா விஷயம் இருக்கு: எட்டத் தெரியுற பெரிய வட்டம் பனித்துகளால வர்றது, நிலாவை ஒட்டின குட்டி வட்டம் பெரும்பாலும் நீர்த்துளியால வர்றது.

அப்புறம் மேகம் தடிச்சு, தாழ்ந்து, சூரியன் இருக்கிற இடமே தெரியாம மப்பும் மந்தாரமுமா ஆனா அடைமழைதான். பெரும்பாலும் இடி இருக்காது, ஆனா விடாது. அதுக்கு மேல்பக்கம் மட்டும் மூடினா பத்தாது, அடியில தண்ணி ஏறும். களத்தைச் சுத்தி முன்னாடியே வாய்க்கால் வெட்டி வைங்க.

(கீற்று, திரள், படை, கார்னு பாடத்துல வர்ற மேகப் பிரிவுக்கு அடிப்படை போட்டவர் லூக் ஹோவர்ட், 1802-ல. லண்டன்ல மருந்து வியாபாரம் பாத்தவர். பசங்க இதை நம்பவே மாட்டாங்க.)

களத்துக்காரன், திருப்புவனம்:

அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "பனைமரம் எதுக்கு, நான் கரண்டுக் கம்பத்தை வச்சுப் பாப்பேன்"னாரு. இதை மாசியிலயே சொல்லியிருக்கலாம். இன்னைக்கு மத்தியானம் தெற்க ஒண்ணு கம்பத்தைத் தாண்டி ஏறுச்சு, தார்ப்பாயை எடுத்துட்டேன். விரிக்கிறதுக்குள்ள ஓரமெல்லாம் கரைஞ்சு, ஒரு மணிக்கெல்லாம் இருந்த இடம் தெரியல. மூடல.