மிளகாய் அரைத்த மிஷினில் என் நலங்கு மாவு: வீட்டிலேயே செய்து பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள்

கோபி மருமகள்:

போன வெயிலில் நடந்ததை இப்போதுதான் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. எனக்குப் பிறந்த வீடு தஞ்சாவூர்ப் பக்கம், தலைக்குச் சீயக்காய்தான். வாழ வந்தது கோபிசெட்டிபாளையம். இங்கே மாமியாருக்கு அரப்புத்தான் எல்லாம், அதாவது உசிலை இலையைக் காயவைத்துப் பொடித்த பச்சைத் தூள். "அரப்பு இருக்கறப்ப அந்த முள்ளுக்காய் எதுக்கு சாமி" என்பார். நான் விடவில்லை. ஒரு கிலோ சீயக்காய், கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், கொட்டை நீக்கிய பூந்திக்காய் ஒரு கைப்பிடி, செம்பருத்தி இலை, எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும் மூன்று நாள் மொட்டை மாடியில் காயவைத்தேன். அதோடு நலங்கு மாவுக்கென்று கடலைப்பருப்பு, பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர்.

மில்லில் சீயக்காய்க்குத் தனி மிஷின் உண்டு. நலங்கு மாவுக்குக் கிடையாது. நான் போன நேரம் எனக்கு முன்னால் ஒருவர் மூன்று கிலோ மிளகாய் அரைத்துக்கொண்டு போனார். தும்மலோடு தும்மலாக நானும் டப்பாவை நீட்டிவிட்டேன், மில்காரரும் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் முகத்தில் பூசி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நெருப்பு. தயிர், கற்றாழை, ஐஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் திட்டவில்லை, அதுதான் பெரிய தண்டனை. "ரெண்டு படி பச்சரிசியை முதல்ல ஓட்டச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். மிஷினில் ஒட்டியிருப்பதை அரிசி வழித்துக்கொண்டு போய்விடுமாம். இப்போது அதைத்தான் செய்கிறேன், அந்த மாவு கோலத்துக்குப் போகிறது. சீயக்காய் பற்றிக் கேட்டால், அருமை. ஆனால் ஷாம்பு மாதிரி நுரை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் கதையைச் சொல்லுங்கப்பா.

மையிட்டவள்:

கோபி அக்கா, முகம் எரிந்தது உங்களுக்கு, சிரித்தது நான். மன்னிச்சிருங்க.

என் கதை கண் மை. அம்மாச்சி செய்து பார்த்திருக்கிறேன், ஆனால் கேட்டு எழுதிவைக்கவில்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தி, திரும்ப நனைத்து, திரியாகத் திரித்து, விளக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே செம்புத் தட்டைக் கவிழ்த்து வைக்கவேண்டும். முறை இதுதான். சாறு துணியில் காய்வதற்குள் திரியைப் போட்டதுதான் தப்பு, படபடவென்று பொரிந்து இரண்டு தடவை அணைந்தது. அப்புறம் விடிய விடிய எரிந்து தட்டில் படிந்த கரியைப் பார்த்தால், ஒரு குங்குமச் சிமிழில் கால்வாசிகூட இல்லை! அதில் விளக்கெண்ணெயைத் துளித்துளியாகக் குழைக்காமல் ஒரு கரண்டி ஊற்றிவிட்டேன். அலுவலகத்துக்கு வைத்துக்கொண்டு போனவள் மதியத்துக்குள் பூச்சாண்டி மாதிரி ஆகிவிட்டேன்.

தங்கை குழந்தைக்கு வைக்கலாம் என்றுதான் ஆசையாக ஆரம்பித்தேன். குழந்தை டாக்டர் கண்ணுக்குள் எந்த மையும் கூடாது, வீட்டில் செய்தாலும் கூடாது என்று சொல்லிவிட்டார். உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தோம், திருஷ்டிக்கு அது போதும்.

மல்லி மொட்டு:

நான் மதுரை. எங்கள் ஊரில் பூ ஜடை தைக்கத் தெரியாது என்று சொன்னால் மரியாதை இல்லை, அந்தக் கௌரவத்தில்தான் சித்தி மகள் வளைகாப்புக்கு "நானே தைக்கிறேன்" என்று வாயைக் கொடுத்தேன். கடையில் கேட்ட விலையும் ஒரு காரணம், முகூர்த்த நாளில் மல்லிகை விலை உங்களுக்குத் தெரியாததா.

வாழை மட்டையை ஜடை நீளத்துக்கு அறுத்து, அதன்மேல் மொட்டு மொட்டாக ஊசியில் கோத்துத் தைக்கவேண்டும். நடுவில் ரோஜா இதழை மடித்து ஒரு வரிசை, ஓரத்தில் மரிக்கொழுந்து, கீழே பழைய குஞ்சலம். கேட்க எளிது. அரைக்கிலோ மொட்டை விடியற்காலையில் வாங்கியாயிற்று, ஆனால் சமையல், விருந்தாளி, அது இது என்று நான் ஊசியை எடுத்தபோது மணி மூன்று. மல்லிகை சாயங்காலம் மலரும் பூ, யாருக்காகவும் காத்திருக்காது. பாதி ஜடை தைத்து நிமிர்ந்தால் மேல்பாதி மலர்ந்து நிற்கிறது, கீழ்ப்பாதி மொட்டு. சித்தி பார்த்துவிட்டு, "டிசைனா இது?" என்று கேட்டார், நானும் ஆமாம் என்றேன். போட்டோவில் என்னவோ நன்றாகத்தான் வந்திருக்கிறது.

இரண்டாவது தடவை காலை எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிட்டேன். தைத்து முடித்த பகுதியை ஈரத் துணியில் சுற்றிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் சாயங்காலம் வரை மொட்டாகவே இருக்கிறது. துணியை நன்றாகப் பிழிந்துவிடவேண்டும், சொட்டச் சொட்ட வைத்தால் மொட்டு பழுத்துவிடும்.

ரெட்டைச்சடை அப்பா:

இங்கே ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. இரண்டு பெண் குழந்தைகள், காலையில் தலை வாரிவிடுவது என் வேலை. வாரம் நாலு ரப்பர் பேண்ட் தொலையும். கழற்றும்போது முடியும் பிய்ந்துகொண்டு வரும், பெரியவள் கத்துவாள்.

வீட்டில் என் அம்மாவின் தையல் மிஷின் சும்மா கிடந்தது. அதில் ஸ்கிரஞ்சி, அதாவது உள்ளே எலாஸ்டிக் வைத்த துணி பேண்ட், தைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிளவுஸ் தைத்து மிஞ்சிய துணியில் 50 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம் வெட்டி, நல்ல பக்கம் உள்ளே போகிறமாதிரி மடித்துத் தைத்து, ஊக்கைக் குத்தி வெளிப்பக்கம் திருப்பினேன். உள்ளே இருபது சென்டிமீட்டர் எலாஸ்டிக். முதல் ஐந்தும் குப்பைக்குப் போயின. நான் போட்டது பாவாடைக்குப் போடும் அகல எலாஸ்டிக், முடியைப் பிடிக்கவே இல்லை. மெல்லியதாக மாற்றினதும் சரியாகிவிட்டது. பருத்தித் துணியைவிட சாட்டின் முடியில் சிக்காமல் கழல்கிறது, ஆனால் தைக்கும்போது வழுக்கி உயிரை வாங்கும்.

இப்போது சின்னவள் தன் டீச்சருக்கு ஒன்று கேட்கிறாள். மெரூன் கலராம்.

கோபி மருமகள்:

அண்ணா, தாராளமாக எழுதுங்க. நீங்கள் சொன்ன அளவு பெரியவர்கள் முடிக்கும் சரிவருமா? எனக்குச் சீயக்காய் புண்ணியத்தில் கொஞ்சம் அடர்த்தி. மல்லி மொட்டு, ஆவணியில் நாத்தனார் கல்யாணம், மொட்டு எட்டு மணிக்குள் கையில் இருக்கும், நீங்கள் மதுரையிலிருந்து வந்துவிடுங்கள்.