பிறக்கும்போதே ரெண்டு கிட்னியும் பெருசு: பிழைச்ச பிள்ளைங்க உண்டா?

மதுரை மருமகள்:
28-வது வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ஒரே இடத்துல ரொம்ப நேரம் அழுத்திப் பார்த்துட்டே இருந்தாங்க. அப்பவே எனக்கு உதறல். "ரெண்டு கிட்னியும் பெருசா, வெள்ளையா தெரியுதும்மா, தண்ணியே இல்ல"ன்னாங்க. ஏஆர்பிகேடி-னு பேர் சொன்னாங்க, ரெண்டு கிட்னியிலயும் பிறவிலயே பொடி நீர்க்கட்டியா நிறையுற நோயாம். பனிக்குடத் தண்ணியே பெரும்பாலும் பிள்ளை விடுற மூத்திரம்தானாம். அது வத்திட்டா நுரையீரல் வளராதாம். 36 வாரத்துல மக பிறந்தா. 19 மணி நேரம் இருந்தா. சீக்கு கிட்னில, போனது மூச்சுத் திணறி. கிரகணத்தன்னிக்கு நான் வாசலுக்கு வந்ததாலன்னு வீட்ல ஒரு பேச்சு. நான் கட்டினது தாய்மாமனை. அதைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கல.

குட்டிப்பையன் அப்பா:
உண்டுங்க. எங்க பையனுக்கு இப்ப 6 வயசு. பிறந்தப்ப வயிறு ரெண்டு பக்கமும் கல்லாட்டம் இருந்துச்சு. 9 நாள் வென்டிலேட்டர். அதைத் தாண்டினதும் பிரஷர் பிடிச்சுக்கிச்சு. அவன் கையே என் கட்டைவிரல் தண்டிதான். அதுல பட்டையைச் சுத்தி, தூங்குற நேரம் பார்த்து எடுக்கணும். அழுதா நம்பர் எகிறிடும். எனலாபிரில்னு பிரஷர் மாத்திரையைத் தண்ணில கரைச்சு, சிரிஞ்சால கடைவாயில விடுவோம். பாதியைத் துப்பி என் சட்டைக்குத்தான் வைத்தியம் பண்ணுவான். கிட்னி இரைப்பையை நெருக்குறதால கொஞ்சம் கூடுதலா பால் போனாலும் வாந்தி. 14 மாசம் மூக்குக்குழாய்தான். இந்த நோயைக் கொடுக்கிற ஜீனே ஈரலையும் கெடுக்கும்னு, ஈரல்ல ரத்தம் தடைபட்டு 4 வயசுல மண்ணீரல் வீங்கினப்பதான் எங்களுக்கு உறைச்சுது. கிட்னி வெளியேத்த வேண்டிய கிரியேட்டினின் கழிவு ரத்தத்துல மெல்ல ஏறுது. ஸ்கூலுக்குப் போறான், சண்டை இழுத்துட்டு வர்றான்.

நைட் டூட்டி:
பச்சைக்குழந்தை ஐசியூல 11 வருஷமா நர்ஸ். சுமார் 20,000 பிரசவத்துக்கு ஒண்ணுன்னு சொல்ற நோய், நானே 4 பார்த்துட்டேன். பிறந்த கொஞ்ச நாள்லயே 10-ல் 3 பிள்ளைங்க போயிடும், பெரும்பாலும் நுரையீரலால. முதல் மாசத்தைத் தாண்டிட்டா 10-ல் 8 பேராவது 5 வயசைத் தாண்டிடுவாங்க.

மருமகள் அக்கா, கிரகணத்தை விடுங்க. பிகேஎச்டி1-னு ஒரு ஜீன். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் பழுதான பிரதி ஒண்ணு இருக்கும். அவங்க கிட்னி சுத்தமா இருக்கும், அதனால தெரியவே தெரியாது. சொந்தத்துல கட்டினா ரெண்டும் சந்திக்க வாய்ப்பு கூடும். ரெண்டு பேர்கிட்டயும் பழுது இருந்தா, ஒவ்வொரு பிரசவத்துலயும் பிள்ளைக்கு இந்த நோய் வர 4-ல் 1 வாய்ப்பு. மூத்தது போச்சேன்னு அடுத்ததுக்குக் கணக்கு குறையாது. பாப்பா ரத்தம் எடுத்து வச்சிருக்காங்களா? பழுது எதுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை 11 வாரத்துக்கு மேல நச்சுக்கொடியில துளி எடுத்துச் சோதிக்கலாம். ஸ்கேனை மட்டும் நம்பாதீங்க, 20 வாரத்துல கூட நார்மல்னு காட்டி ஏமாத்தும்.

மதுரை மருமகள்:
எடுக்கலைம்மா. அன்னிக்கு யாருக்கும் தோணல.

நைட் டூட்டி:
பரவால்லக்கா, உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் தேடலாம். மரபணு ஆலோசனைக்குச் சேர்ந்தே போங்க. உங்களை மட்டும் அனுப்பினா போகாதீங்க.

மதுரை மருமகள்:
மாமாகிட்ட சொன்னேன். ஊசியைக் கண்டாலே வேர்க்கிற மனுஷன். வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிட்டார்.