கலைச்சொல்: இஸ்திரிக் குறி, உச்சச்சூட்டுப் புள்ளி

வணக்கம். ஆடையில் தைத்திருக்கும் பராமரிப்புத் துணிச்சீட்டின் குறிகளுக்குத் தமிழ்ச் சொற்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்.

> இஸ்திரிப்பெட்டிப் படத்துக்கு 'தேய்ப்புக் குறி', உள்ளிருக்கும் புள்ளிகளுக்கு 'சூட்டுப் புள்ளி' எனலாமா?

'தேய்ப்பு' நல்ல சொல்தான். ஆனால் அதே துணிச்சீட்டில் துவைக்கும் தொட்டியின் படமும் இருக்கிறது. அங்கே 'தேய்க்காதீர்' என்று எழுதினால், கசக்கித் தேய்த்துத் துவைக்கக் கூடாது என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். 'சலவைக் குறி'யிலும் இதே குழப்பம். எல்லார் வாயிலும் இருக்கும் 'இஸ்திரிக் குறி' போதும்.

புள்ளிக்கு 'உச்சச்சூட்டுப் புள்ளி' என்பதை முன்வைக்கிறேன். அது காட்டுவது வைக்க வேண்டிய சூட்டை அல்ல, தாண்டக் கூடாத வரம்பை. நெடுங்காலமாக அச்சாகிவரும் அளவுப்படி பெட்டியின் அடித்தகடு ஒரு புள்ளிக்குச் சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டுக்கு 150, மூன்றுக்கு 200. அக்ரிலிக், நைலான் ஒரு புள்ளி. கம்பளி, பட்டு, பாலியெஸ்டர் இரண்டு. பருத்தி, லினன் மூன்று. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த சட்டைக்குச் சூடு தாங்காத இழையின் கணக்கே செல்லும், அதாவது இரண்டு. மூன்றில் வைத்தால் பாலியெஸ்டர் இழை இளகித் தட்டையாகி, மடிப்போரங்களில் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறும். துவைத்தாலும் அது போகாது.

> உலர்த்தும் எந்திரக் குறியிலும் புள்ளி வருகிறதே?

வருகிறது. சதுரத்துக்குள் வட்டம், அதற்குள் புள்ளி. அங்கே ஒன்று 60 டிகிரி, இரண்டு 80. அதனால்தான் தனியே 'புள்ளி' என்று விடாமல், விளக்கத்தில் 'இஸ்திரி உச்சச்சூட்டுப் புள்ளி' என்று முழுதாக எழுதச் சொல்கிறேன்.

பெருக்கல் கோடு எங்கே விழுகிறது என்பதற்கும் இரண்டு சொற்கள் வேண்டும். பெட்டி முழுவதன் மேலும் விழுந்தால் 'இஸ்திரி கூடாது'. பெட்டிக்குக் கீழே உள்ள ஆவிக்கோடுகள் மேல் மட்டும் விழுந்தால் 'ஆவி கூடாது'. உலர் இஸ்திரி போடலாம். ஒரு புள்ளித் துணிக்கு இந்தத் தடை அச்சாகாவிட்டாலும் ஆவியைத் தவிர்ப்பதே சரி. அந்த இழைகள் ஆவிபட்டு உருக்குலையலாம். அந்தச் சூட்டில் பல பெட்டிகளில் தண்ணீர் முழுதும் ஆவியாகாமல் சொட்டிக் கறையும் படும்.

> வரையறையோடு பயன்பாட்டுக் குறிப்பும் சேர்ப்போமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒரு புள்ளித் துணிகளை முதலில் முடித்துவிட்டு மேலே போக வேண்டும். தகடு சீக்கிரம் சூடேறும், ஆறத்தான் நேரம் பிடிக்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் குறைத்த கையோடு அக்ரிலிக் மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஐயம் இருந்தால் உள்தையல் ஓரத்தில் ஒரு முறை வைத்துப் பார்க்கலாம். அச்சுப்படம் உள்ள துணியை உட்புறம் திருப்பிப் போட வேண்டும்.

என் வரைவு: "இஸ்திரி உச்சச்சூட்டுப் புள்ளி: துணி தாங்கக்கூடிய அடித்தகட்டுச் சூட்டின் மேல்வரம்பைக் காட்ட இஸ்திரிக் குறிக்குள் இடப்படும் ஒன்று முதல் மூன்று வரையான புள்ளிகள்." 'அடித்தகடு' என்பதற்கு மாற்று இருந்தால் எழுதுங்கள்.