எரிச்சே (சிசிலி) மலை ஊர்: அம்மாவோட போறேன், சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சிறுவாணித்தண்ணி:

வணக்கங்க. அக்டோபர் கடைசி வாரம் நானும் அம்மாவும் சிசிலி போறோம். பலேர்மோவுல மூணு நாள், திராபனியில ரெண்டு நாள்னு போட்டு வெச்சிருக்கேன். திராபனிக்கு மேல மலை உச்சியில எரிச்சேன்னு கோட்டைச் சுவர் கட்டின பழைய ஊரு ஒண்ணு இருக்குதுங்களாமே. கன்னியாஸ்திரீங்க மடத்துப் பலகாரம் அங்க பேர் போனதுன்னு படிச்சேன்.

அம்மாவுக்கு 64 வயசு. நல்லா நடப்பாங்க, ஆனா இறக்கத்துல முட்டி வலிக்கும். கறி, மீன் தொடமாட்டாங்க. கேக்குல முட்டை இருந்தா கண்டுக்க மாட்டாங்க. ஊரை அரை நாள்ல பார்த்துட்டு இறங்கிடலாமா, இல்ல ஒரு ராத்திரி தங்கணுமா? யூடியூப்ல பார்த்தா எல்லாரும் கேபிள் கார்ல ஏறி, ஒரு கேக்கைக் கடிச்சு, கண்ணை மூடி "ஆஹா"ன்னுட்டு இறங்கிடறாங்க. அந்தப் பக்கம் இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.

பலேர்மோ அக்கா:

தம்பி, நான் 1998-இல யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தனான், அண்டு தொடக்கம் பலேர்மோதான். இஞ்சை எங்கட சனம் கன பேர். பெல்லெக்ரினோ மலையில இருக்கிற, பலேர்மோவின்ர காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிட்டை நேத்தி வைச்சு ஏறுறவையில சைவக்காரரும் இருக்கினம், நானும் ஒராள். அந்த மலைக்குப் போறது கும்பிட. எரிச்சே மலைக்குப் போறது வாய்க்கு. வருசத்தில ஒருக்காவெண்டாலும் போகாட்டி எனக்குச் சரிவராது.

முதல்ல அம்மாவின்ர முழங்கால். கேபிள் காரை இஞ்சை ஃபுனிவியா எண்டு சொல்லுவினம். பத்து நிமிசம் மட்டில மேலை கொண்டுபோய் விடும். காத்துப் பலமெண்டால் நிப்பாட்டிப்போடுவினம், காலமை விசாரிச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ. பஸ்சும் இருக்கு. வளைஞ்சு வளைஞ்சு ஏறும், அம்மா சத்தி எடுக்கிற ஆளெண்டால் முன் சீற்றில இருத்துங்கோ. ஊர் 751 மீற்றர் உயரத்தில. கீழை வெயில் எரிக்கேக்கை மேலை முகில் வந்து மூடிப்போடும். அதுக்கு "வீனஸின்ர முத்தம்" எண்டு பேர். முத்தமெண்டாலும் குளிர் எலும்புக்குள்ள போகும், சுவெற்றர் இல்லாமல் ஏறாதேங்கோ.

திராபனி வாசல் எண்ட ஊர் வாசலடியில இறங்கினால் பெரிய தெரு நேர மேலை ஏறுது. பலகைக்கல்லால கட்டங்கட்டி, நடுவில சின்னக் கல் பதிச்ச தெரு. வடிவுதான், ஆனா எத்தனையோ தலைமுறை நடந்து தேய்ஞ்ச கல். தட்டையான சப்பாத்துப் போட்டுவரச் சொல்லுங்கோ. வாசலுக்குக் கிட்டவே பெரிய கோயில், 1314-இல தொடங்கினதெண்டு சொல்லுவினம். மணிக்கூண்டு கோயிலோட ஒட்டாமல் தனிய நிக்கும். அதில கொஞ்சம் இருந்து ஆறிப்போட்டு நடவுங்கோ. ஊரின்ர மற்றத் தலைப்பில நோர்மன்காரர் கட்டின கோட்டை. அதுக்கு முதல் அந்தப் பாறையில வீனஸ் அம்மன்ர கோயில் இருந்தது, கடலோடிகள் கும்பிட்ட தெய்வம். ஊருக்கு 1934 வரைக்கும் பேர் மோன்தே சான் ஜூலியானோ, பிறகுதான் பழைய பேருக்குத் திரும்பினது. கோட்டையைப் பற்றி இவ்வளவும் போதும், மிச்சம் பலகையில எழுதியிருக்கும்.

இனிப் பலகாரம். சான் கார்லோ எண்டு ஒரு மடம் இருந்தது. ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச பஞ்சத்தில, வளர்க்க வழியில்லாத பெட்டையளை அங்கை விட்டுப்போடுவினம். பெட்டையள் பாதாம் உடைச்சு, தோல் உரிச்சு, இடிச்சு, சீனியோட கிண்டி, அச்சில போட்டுப் பலகாரம் செய்ய, மடம் அதை வித்துச் சீவிச்சது. மரியா கிராமாத்திகோ எண்டு இண்டைக்கு உலகமெல்லாம் தெரிஞ்ச பலகாரக்காரி, தகப்பன் செத்தாப்பிறகு 11 வயதில அந்த மடத்துக்குள்ள போனவ. கன்னியாஸ்திரியள் ஒண்டும் இருத்தி வைச்சுப் படிப்பிக்கேல்லை. பாத்துப் பாத்து மனசில வைச்சுக்கொண்டு வெளியில வந்து, 1960-களில சொந்தக் கடை போட்டவ. எனக்கு இந்தக் கதை ஏன் பிடிக்குமெண்டால், எங்கட அம்மாவும் ஒரு அளவும் சொல்லித் தந்ததில்லை. "கண் என்னத்துக்கு இருக்கு" எண்டுதான் கேப்பா.

என்ன வாங்கிறது? ஜெனொவேசி எண்டு ஒண்டு, சின்ன மூடி மாதிரி. உள்ளுக்குக் கஸ்டர்ட், மேலை சீனித்தூள். அடுப்பால வந்த சூட்டில தின்ன வேணும். முதல் கடியில நாக்குச் சுடும், சட்டையெல்லாம் வெள்ளையாகும், வெக்கப்படாதேங்கோ. ஆறினதைத் தந்தால் வாங்காதேங்கோ. முஸ்தச்சோலி கறுவாப்பட்டை, கராம்பு போட்ட கட்டிப் பிஸ்கட். பல்லுக் கவனம், அவை வைனில தோய்ச்சுத் தின்னுவினம், நான் தேத்தண்ணியில. பிறகு மார்த்தொரானாப் பழம். பாதாமும் சீனியும்தான், முட்டையும் இல்லை. அச்சு அசல் பழம் மாதிரி நிறம் தீட்டி வைச்சிருப்பினம், நாகதாளிப் பழத்தில முள்ளுப் புள்ளியும் இருக்கும். நீங்கள் நல்ல நேரம் வாறியள். நவம்பர் 2 இஞ்சை செத்தவையின்ர நாள். எங்கட படையலில நாங்கள் அவைக்கு வைக்கிறம், இஞ்சை செத்தவை இரவோட இரவா வந்து பிள்ளையளுக்கு வைச்சிட்டுப் போவினம். அதால அந்தக் கிழமை கடைக் கண்ணாடி முழுக்க இந்தப் பழங்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. ஸ்த்ருத்தோ எண்டால் பண்டிக் கொழுப்பு. இஞ்சத்தைப் பலகார மாவில சில பேர் அதைப் போடுவினம், கன்னோலியின்ர கோதிலயும் போடுறது. "சே ஸ்த்ருத்தோ?" எண்டு கேளுங்கோ. கோபிக்கமாட்டினம்.

சாப்பாட்டுக்கு வாறன். திராபனிப் பக்கத்துச் சாப்பாடு பாஸ்தா எண்டு நினைக்காதேங்கோ, குஸ்குஸ். கடலுக்கு அங்காலை துனீசியா, அங்கயிருந்து வந்த சாப்பாடு. நான் ஒன்பது வருசம் திராபனிக்காரக் கிழவி ஒராளை வீட்டில நிண்டு பராமரிச்சனான். வெள்ளிக்கிழமையெண்டால் மஃபராட்டா எண்ட அகலமான மண் சட்டியை மடியில வைச்சு, ரவையில உப்புத்தண்ணி தெளிச்சு, விரலை விரிச்சுச் சுத்திச் சுத்தி உருட்டுவா. பிறகு ஓட்டை போட்ட மண் பானையில போட்டு அவிக்கிறது. ரெண்டு பானையும் சேருற இடத்தில ஆவி போகாமல் மாவைத் திரிச்சு ஒட்டுவா. முதல் நாள் பாத்துக்கொண்டு நிண்ட எனக்குச் சிரிப்பு. "சிஞ்ஞோரா, இது பிட்டு" எண்டன். அவவுக்கு விளங்கேல்லை. அடுத்த கிழமை நான் கோதுமை மா அவிச்சு, சுண்டால கொத்தி, நீத்துப்பெட்டியில போட்டுத் தேங்காய்ப்பூவோட குடுத்தன். தின்னுபோட்டு, "நல்லாயிருக்கு, ஆனா மீன் சாறு எங்கை?" எண்டா. அதுதான் உங்களுக்கும் பிரச்சினை தம்பி. அவிச்ச குஸ்குஸில மீன் சாறு ஊத்திக் கலந்து, கம்பளியால பானையை மூடிக் கொஞ்ச நேரம் ஊற விடுவினம். மேலை மீன் துண்டு இல்லையெண்டால் மீன் இல்லையெண்டு அர்த்தமில்லை. மலையில ஒரு கடையில "மரக்கறிக் குஸ்குஸ்" எண்டு என்ர சித்திக்குத் தந்தவை. அவ ரெண்டு வாய் வைச்சுப்போட்டு என்னைப் பாத்த பார்வை இப்பவும் ஞாபகம். கேட்டால், "மீன் இல்லை, சாறு மட்டும்தான்" எண்டு சிரிக்கினம்.

அதால அம்மாவுக்கு இதைச் சொல்லிக் குடுங்கோ: திராபனிப் பெஸ்தோ போட்ட புசியாத்தே எண்ட பாஸ்தா. பெஸ்தோ எண்டால் தக்காளி, பாதாம், உள்ளி, துளசி மாதிரி ஒரு இலை, ஒலிவ் எண்ணெய், எல்லாம் பச்சையா இடிச்சது. எங்கட சம்பலுக்குச் சொந்தக்காரன். கப்பொனாத்தா எண்டால் கத்தரிக்காயைப் பொரிச்சு வினாகிரி, சீனி போட்டுப் பிரட்டினது. பாண் குன்சாத்தோ எண்டால் உள்ளுக்குத் தக்காளி, எண்ணெய் வைச்ச பாண், அதில நெத்தலி மாதிரி மீன் இருக்கும், "சென்சா அச்சூகே" எண்டு சொன்னால் எடுத்துப்போட்டுத் தருவினம். பலேர்மோவில நிக்கிற மூண்டு நாளும் பனெல்லே, கடலை மாவில பொரிச்சது, பயமில்லாமல் தின்னலாம்.

மலையில மத்தியானச் சாப்பாட்டுக்குக் காசைக் கொட்டாதேங்கோ. கீழை சாப்பிட்டுப்போட்டு, ரெண்டு மணிக்குப் பிறகு ஏறி, பலகாரத்தோட கோப்பி குடியுங்கோ.

நெல்லை நியூட்ரினோ:

அக்கா சொன்னதுல ஒண்ணை மட்டும் மறுக்கேன். ரெண்டு மணிக்கு ஏறி சாயங்காலம் இறங்கினா எரிச்சேயைப் பார்த்த கணக்கு இல்ல. அங்க எத்தோரே மயோரானா அறிவியல் மையம் இருக்கு, 1960-கள்ல தொடங்கினது. கைவிட்டுப்போன பழைய மடங்களைச் சரிபண்ணி வகுப்பறையும் அறையுமா மாத்தியிருக்காங்க. பிஎச்டி காலத்துல ஒரு இயற்பியல் கோடைப்பள்ளிக்காகப் பத்து நாள் அங்க இருந்தேன். துறவி படுத்த அறையில கட்டில், மேசை, ஒரு சன்னல். சாயங்காலம் மார்சாலா வைன் பீப்பாய் வச்ச அறையில ஆளாளுக்குக் கிளாஸைப் பிடிச்சிக்கிட்டு கரும்பலகைச் சண்டையைத் தொடருவாங்க. நான் குடிக்கது கிடையாது, அதனால சமன்பாட்டுல தப்பு கண்டுபிடிக்க வேலை என் தலையில விழும்.

கடைசி கேபிள் கார் போன பிறகு ஊர் காலி. சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் இறங்கிரும். வெளிய இருந்து பார்த்தா வெறும் கல்லுச் சுவரு, ஆனா கதவு திறந்திருந்தா உள்ள முற்றம், பூந்தொட்டி, ஒரு பூனை. நம்ம ஊர் பழைய வீடுகள் மாதிரி தெருவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும். காலைல ஆறரைக்கு எழுந்தா கீழ உப்பளம் பளபளன்னு கிடக்கும், தூத்துக்குடிக்காரங்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துரும். எட்டத்துல ஏகாதி தீவுகள். ஒரு ராத்திரி தங்குங்க.

சிறுவாணித்தண்ணி:

அக்கா, ரொம்ப நன்றிங்க. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பிட்டுக் கதையில சிரிச்சுட்டாங்க, "அந்தக் கிழவி இன்னும் இருக்காங்களா"ன்னு கேட்டாங்க. நியூட்ரினோ அண்ணா சொன்ன மாதிரி ஒரு ராத்திரி தங்கறதா முடிவு பண்ணிட்டோம். ஊருக்கு என்ன வாங்கிட்டு வரலாம்? எது கெடாதுங்க?

பலேர்மோ அக்கா:

அந்தச் சிஞ்ஞோரா 2014-இல செத்துப்போனா, தம்பி. மஃபராட்டாவை மகள் எனக்குத் தந்தவ. இப்ப அதிலதான் நான் பிட்டுக்கு மாக் குழைக்கிறன்.

நியூட்ரினோ தம்பி சொல்லுறது சரி. எனக்கு அடுத்த நாள் வேலை இருக்கிறதால ஒருநாளும் தங்கக் கிடைக்கேல்லை, அதால அந்த ஊரின்ர இரவு எனக்குத் தெரியாது. நீங்கள் தங்கிப்போட்டு வந்து எழுதுங்கோ.

ஊருக்கு ஜெனொவேசி கொண்டுபோக நினைக்காதேங்கோ, கஸ்டர்ட் அண்டைக்கே தின்னுறது. முஸ்தச்சோலி கன நாள் கிடக்கும், சூட்கேசில எறிஞ்சாலும் உடையாது. மார்த்தொரானாப் பழத்தைத் துணிக்கு நடுவில வைச்சுக் கட்டுங்கோ, வெயில் பட்டால் நிறம் கசியும். திராபனி உப்பு ஒரு பைக்கற், திராபனிக்குக் கிட்ட நூபியாவில விளையிற சிவப்பு உள்ளி கிடைச்சால் ஒரு பிடி, ரசத்துக்கு விசேசம்.

இறங்கேக்கை அம்மாவை ஓரமா, சுவரைப் பிடிச்சு நடக்கச் சொல்லுங்கோ. முகில் வந்திட்டுப் போனாப்பிறகு அந்தக் கல் எண்ணெய் பூசின மாதிரி.