ஹிண்ட்காஸ்ட்: பின்கணிப்பு போதுமா?

குன்னூரிலிருந்து:

வணக்கம். சில வாரங்கள் முதல் பத்தாண்டு வரையிலான காலநிலைக் கணிப்பு பற்றி 2018 செப்டம்பரில் போல்டரில் நடந்த மாநாட்டின் கட்டுரைச் சுருக்கங்களிலிருந்து சொற்பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். குழுமம் (ஒரே கணிப்பின் பல ஓட்டங்கள்), திறன் (கணிப்பு எவ்வளவு பலிக்கிறது), விலகல் (மாதிரி வழக்கமாகச் செய்யும் பிழை) என்று பலவும் அமைந்துவிட்டன. ஹிண்ட்காஸ்டுக்கு (இன்றைய கணினி மாதிரியைப் பழைய தேதியில் தொடங்கி ஓட்டிப் பார்க்கும் கணிப்பு) மட்டும் இரண்டு சொற்கள் ஓடுகின்றன: பின்கணிப்பு, மீள்கணிப்பு. முதலாவதையே வைத்துக்கொள்ளலாம். முன்கணிப்புக்கு நேர் எதிராக நிற்கிறது, சொல்லவும் எளிது.

கொடைக்கானலிலிருந்து:

நேர் எதிராக நிற்பதில்தான் சிக்கல். பின்னர், பின்னாளில், பின்விளைவு எல்லாம் இனி வருவதைக் குறிப்பவை. 'முன்' இரு பக்கமும் போகும்: முன்னாள் தலைவர் கடந்துபோனவர், முன்னறிவிப்பு வரப்போவதைச் சொல்வது. மழை ஓய்ந்த பிறகு "இதனால்தான் பெய்தது" என்று காரணம் சொல்வதையும் பின்கணிப்பு என்றே வாசிப்பார்கள்.

ஹிண்ட்காஸ்ட் அதுவல்ல. இன்றைய மாதிரியை, எடுத்துக்காட்டாக 2004 நவம்பர் 10-இல் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அன்றைய கடல், காற்று, மண் ஈரம் மட்டும் ஊட்டுகிறோம். அடுத்து நடந்தது எதையும் காட்டாமல் ஓடவிடுகிறோம். இதே தேதியில் இருபது ஆண்டுகளுக்கு இப்படிச் செய்தால், அந்தத் தேதியில் தொடங்கும்போது மாதிரி எப்படிப் பிழைபடுகிறது என்பது தெரியும்.

இது இல்லாவிட்டால் மலையில் கணிப்பே பயன்படாது. சிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் காலநிலை மாதிரியின் டி126 வடிவில், அது கணக்கிடும் ஒரு கட்டம் சுமார் 100 கி.மீ. அகலம். அதற்குள் மழை கொட்டும் அவலாஞ்சியும் மழை மறைவிலிருக்கும் மேட்டுப்பாளையமும் சேர்ந்தே விழுந்துவிடலாம். தென்மேற்குப் பருவத்தில் இரண்டுக்கும் என்ன உறவு! கணிப்பு மூன்றாம் வாரத்துக்கு 40 மி.மீ. என்றால் அதைக் கோத்தகிரி மழைமானியோடு ஒப்பிடக் கூடாது. மாதிரியின் ஹிண்ட்காஸ்டுகளில் அதே தேதி, அதே மூன்றாம் வாரச் சராசரி 60 என்றிருந்தால், செய்தி 'இயல்பைவிடக் குறைவு' என்பதே. வாரத்துக்கு வாரம் பிழை மாறும். முதல் வாரப் பிழைக்கான திருத்தத்தை நான்காம் வாரத்துக்குப் போட்டால் கெடும்.

கோத்தகிரியிலிருந்து:

மீள்கணிப்பும் வேண்டாம். பழைய அளவீடுகளை மாதிரியோடு இணைத்து அன்றைய வானிலையை மறுபடி வரையும் ரீஅனாலிசிஸை ஏற்கனவே மீள்பகுப்பாய்வு என்கிறோம். ஹிண்ட்காஸ்டின் தொடக்க நிலை பெரும்பாலும் அதிலிருந்தே வருவதால், இரண்டு 'மீள்' ஒரே வாக்கியத்தில் மோதும். கணக்கைத் திரும்பப் போடுவது என்றும் ஒலிக்கிறது.

என் பரிந்துரை: பழந்தேதிக் கணிப்பு. பழையது தேதிதான், மாதிரி புதியது என்பது சொல்லிலேயே விளங்கிவிடும். பத்தாண்டுக் கணிப்புக்கும் பொருந்தும். டிசிபிபி என்ற பன்னாட்டுப் பத்தாண்டுக் கணிப்புத் திட்டத்தில் 1960 முதல் ஆண்டுக்கொரு தொடக்கத் தேதி, ஒவ்வொன்றுக்கும் பத்து ஓட்டங்கள். அங்கே ஒரு தொல்லை: கடலின் ஆழத்தை அளக்கும் தானியங்கி ஆர்கோ மிதவைகள் 2000-க்குப் பிறகே பரவின. அறுபதுகளின் கடல் ஆழம் பற்றி மாதிரிக்கு ஊட்டப் போதிய அளவீடு கிடையாது. ஆகவே பழைய தேதிகளின் விலகல் ஒரு விதம், புதியவற்றின் விலகல் வேறு விதம். சராசரியில் அது மறைந்துபோகும். தேதியைச் சொல்லுக்குள் வைத்தால் இந்த வேறுபாடும் நினைவில் நிற்கும்.

குன்னூரிலிருந்து:

நீளம் உறுத்துகிறது. 'பழந்தேதிக் கணிப்புக் குழும அளவு' என்று எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும். ஆனால் அந்தத் தொடர் அடிக்கடி தேவைப்படும்: ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் பல ஆண்டுகள் கணிப்பை 51 உறுப்புகளோடும் (குழுமத்தின் ஓட்டங்கள்), பழந்தேதிக் கணிப்பை 11 உறுப்புகளோடும் ஓட்டியது. பதினொன்றை வைத்து அளந்த திறன், ஐம்பத்தொன்றின் திறனைக் குறைத்தே காட்டும்.

கொடைக்கானலிலிருந்து:

முதலில் முழுச்சொல், பிறகு 'பழந்தேதி' மட்டும். 'பழந்தேதித் திறன்', 'பழந்தேதிக் குழுமம்' உறுத்தாது. தேதிக்குப் பதில் 'நாள்' கேட்பவர்கள் வருவார்கள். 'பழநாள்' என்றால் பாட்டி காலம் ஆகிவிடும், அதற்கு இடம்கொடுக்காதீர்கள்.

குறிப்பில் இதையும் சேருங்கள்: ஒரு தேதியைச் சோதிக்கும்போது, திருத்தத்துக்கான சராசரியிலிருந்து அந்த ஆண்டை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதியதாகும். அந்த நீக்கலுக்கு 'ஆண்டுவிலக்குச் சோதனை' என்று எழுதியிருக்கிறேன். ஒட்டவில்லை என்றால் மாற்றுங்கள்.