புதுப்பிப்பு: கழுத்து வார்ம்-அப்பில் கையால் இழுக்கலாமா?

வார்ம்-அப்பில் தலையை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம், தோளிலிருந்து தோள் வரை முன்பக்க அரைவட்டம் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். ‘சரி, கையால் தலையை இழுத்துப் பிடிக்கலாமா?’ என்று சிலர் கேட்டதால் இது.

வார்ம்-அப்பில் வேண்டவே வேண்டாம். உடல் சூடாவதற்குள் வெடுக்கென்று இழுத்தால் தசை எதிர்த்து இறுகும். கழுத்துப் பிடித்துக்கொள்வது அப்படித்தான். முதலில் 5 நிமிடம் நடை, தோள்களைப் பின்னோக்கி 10 சுற்று. பிறகு தலையை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்து, 2 விநாடி நிறுத்தி, நடுவுக்கு வாருங்கள். பக்கத்துக்கு 5 முறை.

சாய்க்கும்போது எதிர்ப்பக்கத் தோளைக் கவனியுங்கள். தானாக மேலே ஏறும். ஏறிவிட்டால் தசை சரியாக நீளாது, பார்க்கத்தான் ஸ்ட்ரெச். நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கையால் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டால் தோள் அடங்கும்.

15–30 விநாடி பிடித்து நிற்பதெல்லாம் பயிற்சி முடிந்த பிறகு. அப்போதும் தலைமேல் வைத்த கையின் எடையே போதும்.

அண்ணாந்தபடியே தலையைத் திருப்புவதுதான் மோசம்: கழுத்து முள்ளெலும்புகளின் பின்மூட்டுகள் நெருங்கி, நரம்பு வெளிவரும் துளை குறுகும். கை மரத்துப்போனாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.