ஓவியர் செரோவின் அம்மா இசையமைப்பாளரா?

மாட்டுங்கா மாமி: கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் அறுபது ரூபாய்க்கு ஒரு பழைய ரஷ்ய ஓவியப் புத்தகம் வாங்கினேன். வாலன்டின் செரோவின் தாயார் வாலன்டினா ஓர் இசையமைப்பாளர் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குமேல் கரையான் தின்றுவிட்டது. யாருக்காவது தெரியுமா?

செம்பூர் வாசி: மாமி, வாலன்டினா 1846இல் பிறந்தவர். கணவர் அலெக்சாண்டர் செரோவ் 1871இல் தான் எழுதிவந்த ஓர் ஆபராவை (பாட்டாகவே நடக்கும் இசை நாடகம்) முடிக்காமலே இறந்துபோனார். சோலோவியோவ் என்பவருடன் சேர்ந்து அதை முடித்தவர் இந்த அம்மாதான். அப்புறம் இவருடைய சொந்த ஆபரா ‘ஊரியல் அகோஸ்டா’ 1885இல் மாஸ்கோ பல்ஷோய் அரங்கில் மேடையேறியது. இசை விமர்சனமும் எழுதினார்.

தாராவி தம்பி: 1867இல் கணவரோடு சேர்ந்து இசைப் பத்திரிகையும் நடத்தினார். மகனுக்கு அப்போது இரண்டு வயதுதான்!

மாட்டுங்கா மாமி: இடுப்பில் பிள்ளை, கையில் அச்சுப்பிரதியா? புத்தகக்காரன் படத்துக்கடியில் ‘ஓவியரின் தாய்’ என்று மட்டும் போட்டிருக்கிறான், பாவி. பென்சிலால் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன்.